ஒரு சுற்று குறைச்சல்

ஏரிக்கரை முடிகிற இடத்தில், வேலிகாத்தான் புதருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புப் பொடியால் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தேன். அந்தக் கோட்டின் ஓரமாக நின்று, ஸ்டாப்வாட்ச் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கரையின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி மாதம். விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீரின் மேல் பனி இன்னும் கிடந்தது. பக்கத்துத் தொழிற்சாலையின் பெயின்ட் வாசனை அந்த நேரத்தில்தான் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தூரத்தில் ஒரகடம் சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு ஒரு தலை கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

வளைவில் முதலில் தெரிந்தது இசக்கியின் மஞ்சள் பனியன். அவள் ஓடி வரும்போது காலடிச் சத்தம் கேட்காது. மூச்சுச் சத்தம் மட்டும் ஸ் ஸ் என்று கேட்கும். மற்ற நான்கு பெண்களும் வளைவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தார்கள். அவள் கோட்டைத் தாண்டினாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

இருபத்திரண்டு நிமிடம், நாற்பது நொடி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாட்ச்சைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பெண்களுக்கான ஆறு கிலோமீட்டரை அந்த நேரத்தில் ஓடக்கூடிய ஒருத்தி என் இருபத்தெட்டு வருட வேலையில் எனக்குக் கிடைத்ததில்லை.

"எவ்வளவு சார்?" என்றாள், இடுப்பில் கை வைத்துக் குனிந்தபடியே. சொன்னேன்.

"நெசமாவா சார்?"

"வாட்ச் பொய் சொல்லுமாம்மா?" என்றேன்.

வாட்ச் பொய் சொல்லவில்லை. அது இன்றைக்கும் என் மேஜை இழுப்பறையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வாரங்களாக இந்தப் பக்கத்தில் நான் வாங்கிக்கொடுத்த கோப்பைகளைப் பற்றியும், என்னோடு சண்டை போட்ட கல்லூரி முதல்வர்களைப் பற்றியும் எழுதிவிட்டேன். போன வாரம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "ஐயா, பயிற்சியாளராக இருந்த காலத்தில் நீங்கள் ஒரு தப்பும் செய்ததே இல்லையா?" என்று கேட்டிருந்தார். கேலிதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் இசக்கியைப் பற்றி எழுதுகிறேன். அவளுடைய உண்மைப் பெயர் இதுவல்ல. அதை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பாஸ்போர்ட் இருக்கிறதா?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்கு 'பி.டி. சார்'. கல்லூரிக்கு மைதானம் என்று ஒன்று இருந்தது. அதில் பாதியை நிர்வாகத்தின் பஸ்கள் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதியில் கிரிக்கெட். ஓடுகிறவர்களுக்குக் கல்லூரியின் பின் கேட்டுக்கு வெளியே போனால்தான் இடம்.

அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. கிராஸ் கன்ட்ரி என்பதே வெளியே ஓடுவதுதான். கரையில், வண்டிப்பாதையில், மேட்டில், சேற்றில் ஓட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் இந்தப் போட்டிக்கு முன்பணம் கேட்டு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தேன். கணக்காளர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பசங்களுக்கெல்லாம் பாஸ்போர்ட்டு கீதா சார்?" என்று கேட்டார். வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். ரொம்ப வருடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மற்றவர்களின் அறியாமை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஓடும் பாதைதான் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருந்தது. வடக்குப்பட்டுப் பக்கம் போன வருடம் வண்டிப்பாதையாக இருந்த இடத்தில் இந்த வருடம் மதில் நிற்கும். மேய்க்கால் நிலம் கன்டெய்னர் நிறுத்துமிடமாகிவிடும். ஒவ்வொரு ஆனி மாதமும், கல்லூரி திறந்த கையோடு, மிச்சமிருக்கிற நிலத்தில் வளைத்து வளைத்து ஆறு கிலோமீட்டர் தேடுவதே என் வேலையாகிப் போனது.

சக்கரமும் புளியங்கொட்டையும்

அதை நான் அளக்கும் முறையை எழுதினால்தான் மற்றது புரியும்.

என்னிடம் இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிள் ஒன்று உண்டு. அப்பா ஓட்டியது. அதன் முன் சக்கரம் ஒரு முறை சுற்றினால் எவ்வளவு தூரம் நகரும் என்று இளமையிலேயே நாடா பிடித்து அளந்து வைத்திருந்தேன். இரண்டேகால் மீட்டருக்கு இரண்டு விரல் அகலம் குறைவு. சக்கரத்தின் கம்பி ஒன்றில் சிவப்புத் துணி கட்டுவேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். சிவப்பு ஒரு முறை மேலே வந்தால் ஒரு சுற்று. நூறு சுற்று ஆனதும் இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது பையில் போடுவேன். இருபத்தேழு கொட்டையும் இடம் மாறினால் ஆறு கிலோமீட்டர்.

இந்த முறையில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. மற்ற கல்லூரிக்காரர்கள் பைக் மீட்டரைப் பார்த்து அளப்பார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம்.

அந்த வருடம் வைகாசியில், சாலையோர டீக்கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி முன் சக்கரத்தின் மேல் ஏறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஏழுமலையின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு இருபது வருடமாக சைக்கிள் பார்க்கிறவர் அவர்தான்.

"இன்னா சார், வீலு எட்டு மாறி கோணிக்கினு கீது. இந்த ரிம்மு இப்ப எவன் விக்கறான்? இருக்கறத போட்டுக் குடுக்கறேன், ஓட்டிக்கினு போ," என்றார்.

நான் அப்போது போனில் முதல்வரோடு மைதானத்தைப் பற்றித் தகராறு செய்துகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது, "முன்னாடி பிரேக்கு புடிக்காது சார். பின் பிரேக்க வெச்சே ஓட்டு," என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன். ஓட்டும்போது முன்பக்கம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. வயதாகிறது, நாம்தான் கூன் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆனியில் அந்த சைக்கிளை வைத்துத்தான் ஏரிக்கரைப் பாதையை அளந்தேன். இருபத்தேழாவது கொட்டை விழுந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

எல்லோருக்கும் குறைந்த நேரம்

அந்த வருடம் என் அணியில் ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் நேரம் குறைந்தது. ஒருத்திக்கு மட்டும் குறைந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். எல்லோருக்கும் குறைந்ததால் பெருமை வந்தது. ஏரிக்கரையில் ஏறி இறங்க வைக்கும் ஒரு பயிற்சியை அப்போதுதான் புதிதாக ஆரம்பித்திருந்தேன். அதன் பலன் இது என்று முதல்வருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் கூட்டத்தில் அதைப் படித்துக் கைதட்டினார்கள்.

சந்தேகப்பட்ட ஒரே ஆள் டெய்சி. வடக்குப்பட்டுப் பெண். அவளுடைய அண்ணன் கார் கம்பெனியில் வேலை பார்த்தான். தங்கைக்குக் கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"சார், இதுல அஞ்சரைக்குக் கொஞ்சம் மேலதான் சார் காட்டுது. ஆறு வர்ல."

"அது எங்கிருந்து அளக்குது?"

"மேல சாட்டிலைட்டுல இருந்து சார்."

"என் சக்கரம் தரையைத் தொட்டுக்கிட்டு அளக்குது. உன் சாட்டிலைட் ஆகாயத்துல இருந்து அளக்குது. எதும்மா சரியா இருக்கும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். இசக்கிதான் அதிகமாகச் சிரித்தாள். டெய்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னா சார் நீங்க," என்று முணுமுணுத்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

நிற்காத வேலை

இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அவளுடைய அக்கா பேச்சியம்மாள் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், பாகங்களைப் பொருத்தும் லைனில் நின்று வேலை பார்த்தாள். வாடகை அறையில் ஆறு பெண்களோடு இருந்துகொண்டு, தங்கையைத் தன்னிடம் கூட்டிவந்து எங்கள் கல்லூரியில் சேர்த்திருந்தாள்.

இசக்கி கடைசி வருடம் படிக்கும்போது கல்லூரிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. தரம் பார்க்கும் பிரிவில் இரண்டு இடம். அதில் ஒன்று இசக்கிக்குக் கிடைத்தது. தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பரீட்சைக்கு மட்டும் விடுப்பு தருவார்கள். பல்கலைக்கழகப் போட்டி அதற்கு அடுத்த செவ்வாய். சேர்ந்த முதல் வாரத்தில் கம்பெனி விட மாட்டார்கள். ஒன்று வேலை, இல்லாவிட்டால் ஓட்டம்.

நான் சொன்னது இதுதான். போட்டியில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் பல்கலைக்கழக அணி. அணியில் ஓடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். இருபத்திரண்டு நாற்பது ஓடுகிறவள் ஆறு பேருக்குள் வராமல் போக வழியே இல்லை.

இரண்டு நாள் கழித்து பேச்சியம்மாள் என்னைப் பார்க்க வந்தாள். ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. உட்காரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டாள். பிறகு கூச்சப்பட்டு மடக்கினாள். கணுக்காலுக்கு மேல் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

"தப்பா நெனைக்காதிய சார். எட்டு மணி நேரம் நின்னுட்டு வாரேன்."

"பரவாயில்லம்மா. சொல்லு."

"இவளுக்குக் கெடச்சிருக்கது உக்காந்து பாக்க வேல சார். ஸ்டூல் போட்டு, லென்சுல பாத்து, சரி தப்புன்னு எழுதணும். எங்க கம்பெனில அந்தப் பிள்ளையள நான் தெனமும் பாக்கேன். நான் நிக்கது போதும், இவளாவது உக்காரட்டும்னு நெனச்சேன். நீங்க ஓடச் சொல்லுதியளாம்."

நான் விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"எனக்கு ஓட்டத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். நீங்க உறுதியாச் சொல்லுதியளா? எங்கய்யாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"நான் கேரன்டி," என்றேன்.

அவள் எழுந்து, செருப்பில் காலை நுழைக்கச் சிரமப்பட்டு, கடைசியில் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு கொட்டை மிச்சம்

பொங்கல் முடிந்த புதன்கிழமை மத்தியானம் முன் சக்கரம் பஞ்சர். இசக்கி வேலையில் சேர வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ட்யூப் மாற்றிவிடலாம் என்று புது ட்யூப் ஒன்று வாங்கிக்கொண்டே ஏழுமலையின் கடைக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பின்னாடிக்கு சார். முன்னாடிக்கு இருவத்தாறு வாங்கணும். போன வாட்டி நான்தான போட்டேன், மறந்துட்டியா? முன்னாடி இருவத்தாறு, பின்னாடி இருவத்தெட்டு. உன் வண்டி ஏழெட்டு மாசமா குனிஞ்சிக்கினுதான் கீது."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னா சார், தல சுத்துதா? சோடா சொல்லட்டா?" என்றார் ஏழுமலை.

பஞ்சரை மட்டும் ஒட்டி வாங்கிக்கொண்டு நேராக ஏரிக்கரைக்குப் போனேன். சிவப்புத் துணியை முன் சக்கரத்திலிருந்து அவிழ்த்துப் பின் சக்கரத்தில் கட்டினேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பாதை முழுக்க சைக்கிளைத் தள்ளினேன். கழுத்து வலித்தது. மாடு ஓட்டி வந்த ஒருவர் என்ன தொலைந்துவிட்டது என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன்.

இருபத்தைந்தாவது கொட்டையை மாற்றிக் கொஞ்ச தூரத்திலேயே சுண்ணாம்புக் கோடு வந்துவிட்டது. இடது பையில் இரண்டு கொட்டைகள் மிச்சம்.

கோட்டின் மேலேயே நின்று கணக்குப் போட்டேன். நானூறு மீட்டருக்குச் சற்று அதிகம். மைதானத்தில் ஒரு முழுச் சுற்று. இந்தப் பிள்ளைகள் ஏழு மாதமாக ஒரு சுற்று குறைவாக ஓடி, அதை ஆறு கிலோமீட்டர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இசக்கியின் நேரத்தையும் போட்டுப் பார்த்தேன். இருபத்துநான்கு நிமிடம், இருபத்திரண்டு நொடி. நல்ல நேரம்தான். ஆனால் ஆறு பேருக்குள் வருகிற நேரமல்ல.

வேலையில் சேர அவளுக்கு இன்னும் ஒரு நாள் முழுதாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வியாழக்கிழமை காலை

சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வியாழக்கிழமை காலை கிளம்பினேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

கல்லூரி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் கட்டியிருக்க வேண்டும். 'பல்கலைக்கழகத்தை வெல்லப் புறப்படும் எங்கள் சிங்கப்பெண்' என்று எழுதி இசக்கியின் படம். அவள் படத்துக்குப் பக்கத்தில் என் படம். என் படம்தான் பெரிது. கல்யாணத்துக்கு எடுத்த படத்திலிருந்து வெட்டிப் போட்டிருந்தார்கள், கோட்டும் சூட்டுமாக இருந்தேன்.

அதன் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

இசக்கி பின் கேட்டருகே தரையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சார், கம்பெனில இருந்து போன் பண்ணாவ. நாளைக்குப் பத்து மணிக்குள்ள வரலேன்னா வேற ஆளப் போட்ருவாவளாம். அக்கா ராத்திரி பூரா ஒறங்கல. கடைசியா ஒருதடவ சார்ட்ட கேட்டுக்கோன்னு சொன்னா."

நான் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டேன்.

"போகவா சார், வேண்டாமா?"

இப்படி நேராக ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் என் வாயில் தயாராக இருந்தது. "போ" என்று ஒரே எழுத்து. அதைச் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். முதல்வரிடம் சொல்ல வேண்டும். கைதட்டிய ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டும். டெய்சியிடம் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. போட்டிக்கு முன்னால் பிள்ளையின் மனதை உடைக்கக்கூடாது என்று அன்றைக்கு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பயம்தான், வேறொன்றுமில்லை.

"வேண்டாம். கயித்த இறுக்கிக் கட்டு," என்றேன்.

"சரி சார்," என்று உட்கார்ந்து கட்டினாள். அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை

பல்கலைக்கழகப் போட்டி. ஏறத்தாழ எழுபது பெண்கள் ஓடினார்கள். இசக்கி நான் சொன்னபடியே ஓடினாள். முதல் நான்கு கிலோமீட்டர் ஐந்தாவது ஆறாவது இடத்தில், யாரையும் முந்தாமல், அதே ஸ் ஸ் என்ற மூச்சோடு. ஒரு கட்டத்தில் எனக்கே ஆசை வந்துவிட்டது. சக்கரம் தப்பாக இருந்தால் என்ன, இவள் கால் சரியாக இருக்கிறதே என்று.

ஏழு மாதம் ஒரே தூரத்தை ஓடிய உடம்புக்கு முடிவு எங்கே வரும் என்று பழகிப்போயிருக்கும். ஏரிக்கரையில் கடைசி வளைவு வந்ததும் மிச்சமிருக்கிற பலத்தையெல்லாம் போட்டு ஓடு என்று நான்தான் பழக்கியிருந்தேன். இங்கேயும் அதே தூரம் வந்ததும் அவள் கால் தானாகவே வேகம் எடுத்தது. ஒருவர், இருவர், மூவர் என்று தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கத்தினார்கள். நான் கத்தவில்லை. அவள் வேகம் பிடித்த இடத்திலிருந்து கோடு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

ஏரிக்கரையில் கோடு வர வேண்டிய இடத்தில் இங்கே கோடு இல்லை. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாதை இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அதன்பிறகு அவள் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். பதினேழாவதாக வந்து கோட்டுக்கு அப்பால் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள்.

அவளுக்குப் பின்னால் வெகு நேரம் கழித்து டெய்சி வந்தாள். மூச்சு வாங்க என் முன்னால் நின்று, கையை நீட்டி வாட்ச்சைக் காட்டினாள்.

"சார். இங்க கரெக்டா ஆறு காட்டுது."

நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு போய் இசக்கியின் முகத்தைக் கழுவிவிட்டாள்.

முதல்வரிடம் வெயில் அதிகம் என்று சொன்னேன். அவர் நம்பினார். ஃப்ளெக்ஸை மறுநாளே அவிழ்த்துவிட்டார்கள். அதைப் படம் கீழே பார்க்கும்படி கேன்டீன் கூரை ஒழுகுகிற இடத்தில் கட்டினார்கள். மழை ஒழுகுகிறதா என்று அண்ணாந்தால் என் கோட்டும் சூட்டும் தெரியும்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் அந்த வேலையில் இருந்தேன். பாதையை நான் அளப்பதை விட்டுவிட்டேன். பிள்ளைகளின் வாட்ச் சொல்வதுதான் தூரம் என்றேன். காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்ட மனிதர் என்று பிரிவுபசார விழாவில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள்.

சத்திரம் பஸ் நிறுத்தத்தில்

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஷிஃப்ட் விட்ட கம்பெனி பஸ் வந்து நின்று, பெண்கள் கும்பலாக இறங்கினார்கள். அதில் ஒருத்தி, "சார்!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

இசக்கி. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். கழுத்தில் அக்காவினுடையதைப் போலவே ஓர் அட்டை. பேச்சியம்மாள் காலுக்கு வைத்தியம் பார்க்க ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்றும், அவள் இருந்த அறையில்தான் தான் இருப்பதாகவும் சொன்னாள். அந்த உட்கார்ந்து பார்க்கும் வேலையை அதே வெள்ளிக்கிழமையே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பிறகு கான்ட்ராக்டர் மூலமாகத்தான் லைனில் சேர முடிந்ததாம்.

"நீங்க கிரவுண்டுல லைனுக்கு வா, லைனுக்கு வான்னு கத்துவியளே சார். இப்ப எங்க சூப்பர்வைசரும் அதத்தான் கத்துதாரு," என்று சிரித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

அவளோடு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்திருந்தாள். அவள் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள் இசக்கி.

"சார், நான் ஆறு கிலோமீட்டர இருவத்திரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுல ஓடுனவன்னு சொன்னா இவ நம்ப மாட்டக்கா. நீங்க சொல்லுங்க சார்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இசக்கியும் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "இருபத்திரண்டு நாற்பது. வாட்ச் பிடிச்சது நான்தான்."

"கேட்டுக்கிட்டியாட்டி?" என்றாள் இசக்கி. அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

என் பஸ் வந்தது. ஏறப் போனவனை இசக்கி நிறுத்தினாள். மற்றவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல சார். கோடு வந்துரும் வந்துரும்னு ஓடுனேன், வரவே இல்ல. நீங்க அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தும் நான் சரியா ஓடல. உங்க பேரக் கெடுத்துட்டேன். அத ஒருநாளு உங்கள்ட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிருங்க சார்."

கண்டக்டர் விசில் ஊதினார். நான் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவாயில்ல, விடும்மா," என்றேன்.

அவள் முகத்தில், அந்த வியாழக்கிழமை காலை பார்த்த அதே நிம்மதி. பஸ் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளை மன்னித்துவிட்டு வந்திருந்தேன்.